பனியில் கிளித்தட்டு

பனி விழப்போகிறது என்று கைபேசி சொல்லிவிட்டால் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. சமையலறைக்கும் முன்கதவுக்கும் இடையில் நடந்துகொண்டே இருப்பேன். வாசற்படிக்கு உப்புப் போட்டேனா என்று போய்ப் பார்ப்பேன். போட்டிருப்பேன். இன்னும் ஒரு கை போட்டுவிட்டு வருவேன். மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் நாலு மூட்டை உப்பு வருடம் முழுவதும் கிடக்கிறது. "என்ன, கருவாடு போடப்போறீரோ?" என்று கணவர் கேட்பார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு எரிச்சல்தான் வரும்.

லண்டனில் பனி அப்படியொன்றும் கொட்டித் தள்ளுவதில்லை. நாங்கள் அனுப்பும் படங்களைப் பார்த்துவிட்டுக் கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள், இதுக்கே பள்ளிக்கூடத்தைப் பூட்டினவங்களோ என்று கேலி செய்வார்கள். சில வருடம் ஒன்றுமே விழாது. சில வருடம் காலையில் விழுந்து மத்தியானத்துக்குள் சேறாகிவிடும். கணுக்கால் மூடும் அளவுக்குப் பனி கிடந்த நாட்கள் என் வாழ்க்கையில் ஐந்தாறுதான் இருக்கும். அதில் ஒரு நாளைத்தான் இருபத்தைந்து வருடமாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. கிங்ஸ்பரியில் இருந்தோம். பின்தோட்டத்துக் கதவைத் திறந்தால் ஓர் ஒழுங்கை. இரண்டு பக்கமும் வரிசையாகக் கராஜ்கள். யாரோ கொண்டுவந்து போட்ட பழைய மெத்தை ஒன்று எப்போதும் மழையில் ஊறிக்கொண்டு கிடக்கும். எங்கள் விளையாட்டு மைதானம் அதுதான். குஜராத்தி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், ஐரிஷ் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், நான். கராஜ் கதவுதான் விக்கெட், அதுதான் கோல் போஸ்ட். பந்து பட்டால் டமார் என்று சத்தம் வரும். ஒரு கிழவர் ஜன்னலைத் திறந்து ஏசுவார். ஓடி ஒளிந்துகொண்டு, அவர் ஜன்னலைச் சாத்தியதும் திரும்பி வருவோம். பள்ளிக்கூடச் சட்டையைக்கூட மாற்றமாட்டேன். "இவளுக்குக் கால் நிலத்தில பாவாது" என்று அம்மா யாரைக் கண்டாலும் சொல்வார்.

அந்த ஒழுங்கைக்கு ஒருநாளும் வராத ஆள் அப்பா. அவர் பெற்றோல் செட் ஒன்றில் இரவு ஷிப்ட் செய்தார். பகலில் நித்திரை. எனக்கு அப்பா என்றால் சாத்திக் கிடக்கும் ஓர் அறைக்கதவு. "சத்தம் போடாதை, அப்பா படுக்கிறார்" என்பதுதான் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட வசனம். நான் வெளியே ஓடிப் பழகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

பனி வந்த பின்னேரமே பஸ் எல்லாம் நின்றுவிட்டது. அப்பாவால் அன்றிரவு வேலைக்குப் போக முடியவில்லை. ஆகவே மற்ற மனிதர்களைப் போல இரவில் தூங்கி, காலையில் எழும்பினார். என் பள்ளிக்கூடமும் இல்லை. அம்மா சாண்ட்விச் பக்கற்றில் போடும் தொழிற்சாலையில் வேலை செய்தார், அங்கே கூட்டிப்போகும் வேனும் வரவில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தது எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது.

அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் வந்தார். ஒரு காலடிகூடப் படாமல் ஒழுங்கை வெள்ளையாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்ல வெளி. கிளித்தட்டு மறிக்கலாம்" என்றார்.

உள்ளே போய்க் கேத்திலோடு வந்தார். கொதித்த தண்ணீர். குனிந்து பின்பக்கமாக நடந்துகொண்டே கேத்திலின் மூக்கால் ஊற்றினார். ஆவி பறந்தது. பனி உருகி, அடியில் இருந்த தார் நேர்கோடாகத் தெரிந்தது. "ஊரில மணல் வழிய தண்ணி ஊத்தித்தான் கோடு போடுறனாங்கள்" என்றார். ஒரு கேத்தில் இரண்டு கோட்டுக்குத்தான் காணும். அம்மா சமையலறைக் கதவில் நின்று, கொதிக்கக் கொதிக்க நிரப்பித் தந்துகொண்டே இருந்தார். நடுவே நீளமாக ஒரு கோடு, குறுக்கே மூன்று கோடு, சுற்றிவர ஒரு சட்டம். குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஒருவர் நின்று மறிக்க, எதிர்ப்பக்கத்தார் அவர்களிடம் அடிபடாமல் அந்தம் வரை போய்த் திரும்பிவர வேண்டும். மறிப்பவர்களில் ஒருவர் கிளி. கிளி மட்டும் நடுக்கோட்டிலும் சட்டத்திலும் எங்கும் ஓடலாம்.

அப்பாதான் கிளி. பகல் வெளிச்சத்தில், மூச்சு வாங்க, கன்னம் சிவக்க ஓடிய அந்த மனிதர் எனக்குப் புதியவர். ஐரிஷ் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் விளையாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்துக்கொண்டதும், அடிபட்டும் படவில்லை என்று அளாப்பவும் தொடங்கினார்கள். ஏசும் கிழவர்கூட அன்று ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்த்தார். அம்மா சாப்பிட வரச்சொல்லி மூன்று தரம் கூப்பிட்டார். யாருக்கும் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்தோம்.

நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியது. எல்லோரும் போய்விட்டார்கள். எனக்கு உள்ளே போக மனம் வரவில்லை. நாளைக்கோ நாளன்றைக்கோ பஸ் ஓடும், அப்பா வேலைக்குப் போவார், கதவு சாத்திக்கொள்ளும். கோடுகள் வேறு மிதிபட்டுக் கலைந்து கிடந்தன. இவை இருந்தால் நாளைக்கும் விளையாடலாம் என்று என் பத்து வயது மூளை கணக்குப் போட்டது. கேத்திலின் சுவிட்சைத் தொட எனக்கு அனுமதி இல்லை. அதனால் பைப்பில் தண்ணீர் பிடித்தேன், பச்சைத் தண்ணீர். யாரும் காணாமல் நாலு தரம் போய் எல்லாக் கோட்டுக்கும் ஊற்றினேன். என் கோடுகள் அப்பாவின் கோடுகளைவிடத் தடிப்பாக, மினுமினுவென்று வந்தன. எனக்குப் பெரிய பெருமை.

அடுத்த நாள் விடியற்காலை வேன் வருமென்று செய்தி வந்து, அம்மா வேலைக்கு வெளிக்கிட்டார். கொஞ்ச நேரத்தில் சமையலறைக் கதவு திறந்த சத்தம் கேட்டது. நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். அம்மா வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நின்றார். மணிக்கட்டு இருக்கவேண்டிய விதத்தில் இல்லை. "குறுக்கால போவம் எண்டு பின்னாலை போனன் அப்பா. வழுக்கிப்போட்டுது" என்றார். அப்பா வெறுங்காலோடு ஒழுங்கைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாம் ஐஸாப் போச்சு. நான் போட்ட கோடெல்லே. என்ர பிழை" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

எலும்பு கொஞ்சம் கோணலாகத்தான் பொருந்தியது. கட்டு அவிழ்க்கும்போது தொழிற்சாலையில் அம்மாவின் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டது. அதன்பிறகு எங்கள் வீட்டில் பனி என்றால் கதவுக்குள்ளேயே இருக்க வேண்டும். நான் ஜன்னலில் நின்று மற்றப் பிள்ளைகள் பந்துருட்டி எறிவதைப் பார்ப்பேன். கேட்டு அழவும் எனக்கு உரிமையில்லை என்று தெரியும்.

ஒவ்வொரு குளிர்காலமும் அம்மாவுக்கு அந்தக் கை நோகும். அப்பா ஷிப்டுக்குப் போகமுன் நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டு போட்டுச் சூடாக்கி, அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துத் தடவுவார். தடவும்போது ஒருதரமாவது சொல்வார், "என்ர பிழை." அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டுவேன். கல்யாணம் செய்து வெளியேறிய பிறகும், குளிர்காலத்தில் அங்கே போனால், உள்ளி வாசனை வந்ததும் ஏதாவது சாட்டுச் சொல்லி எழும்பிவிடுவேன். அப்பா மூன்று வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். கடைசிக் குளிர்காலத்திலும் சொன்னார்.

அம்மா இப்போது செவன் கிங்ஸில் எங்களோடுதான் இருக்கிறார். இந்தத் தை மாதத்தில் ஒருநாள் காலையில் எழும்பிப் பார்த்தால் வீதி முழுக்க வெள்ளை. இன்று பூட்டு என்று ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்து தகவல் வந்தது. எட்டு வயது மகள் எட்டே காலுக்குள் பூட்ஸ், கோட், இரண்டு தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு முன்கதவடியில் குந்திவிட்டாள்.

"அம்மா, ப்ளீஸ். டென் மினிட்ஸ்."

"ஏலாது."

"எல்லாரும் நிக்கினம். லுக்."

"ஏலாது எண்டு சொன்னனான்."

உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன், வந்தேன், மறுபடியும் போனேன். அம்மா சமையலறை மேசையில் இருந்து லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது தரம் நான் கடந்து போனபோது தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"விடன் பிள்ளை. கொஞ்ச நேரம் விளையாடட்டும்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "உங்கட கை உடைஞ்சது உங்களுக்கு மறந்து போச்சோ?"

"என்ர கை. மறக்கிறதெண்டா நானெல்லோ மறக்கவேணும். உனக்கென்ன?"

அந்த "உனக்கென்ன"தான் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டது. உப்பு மூட்டையைக் கீழே போட்டேன். "அண்டைக்குத் தண்ணி ஊத்தினது நானம்மா. அப்பா இல்லை. பின்னேரம் தனியப் போய்ப் பச்சைத் தண்ணியை ஊத்தினனான். அப்பா கடைசிவரைக்கும் தன்ர பிழை எண்டு நினைச்சுக்கொண்டு செத்துப்போனார்."

அம்மா கத்தியை வைத்தார். ஏசப்போகிறார் என்று நின்றேன். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"உனக்கு ஒருநாளும் யோசினை வரேல்லையோ," என்றார், "வேன் வந்து நிக்கிறது முன் றோட்டில. நான் ஏன் பின்னாலை போனனான் எண்டு?"

"குறுக்கால போனனீங்கள்."

"என்ன குறுக்கு? அது சுத்துவழி."

அம்மா வெட்டிய லீக்ஸை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"பள்ளிக்கூடத்தில எப்பவும் நான்தான் கிளி. என்னைத் தாண்டி ஒருத்தியும் போகமாட்டாள். உன்ர கொப்பருக்கு அது தெரியாது, கேட்டதுமில்லை. அண்டைக்கு விடியத் தொடங்கி எத்தினை கேத்தில் தண்ணி கொதிக்கவைச்சுத் தந்தனான். நீரும் வாரும் எண்டு ஒருத்தர் கூப்பிட்டனீங்களோ? அடுத்தநாள் வேலைக்கு வெளிக்கிடேக்கை பாத்தன், ஒழுங்கையில ஒரு சனமில்லை, கோடு மட்டும் கிடக்குது. ஒருக்கா ஓடிப் பாப்பம் எண்டு நடுக்கோட்டில ஓடினன். வேலைச் சப்பாத்தோட. மூண்டாவது குறுக்குக் கோட்டில விழுந்தன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "அப்ப அதை அப்பாவிட்டைச் சொல்லியிருக்கலாமே? எத்தினை வருசம் அந்த மனுசன்..."

"முப்பத்தெட்டு வயசுப் பொம்பிளை விடியக்காலமை தனிய நிண்டு விளையாடி விழுந்தவள் எண்டு எப்பிடிச் சொல்லுறது? சிரிப்பினம்." பிறகு குரல் இறங்கியது. "வேலை, நித்திரை, வேலை, நித்திரை. அந்த மனுசன் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தது எண்ணெய் தடவுற அந்தப் பத்து நிமிசம்தான். சொன்னா விட்டிடுவார் எண்டு நினைச்சன்."

என் கோபம் நிற்க இடமில்லாமல் போனது. அம்மா ஒளித்ததற்காவது ஒரு காரணம் இருந்தது. நான் ஒளித்தது வெறும் பயம், பிறகு வெட்கம், பிறகு பழக்கம். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நல்ல மனிதரைச் சாகும்வரை குற்றவாளியாக வைத்திருந்தோம்.

முன்கதவடியில் மகள் இன்னும் குந்தியிருந்தாள். "கேன் வீ கோ நவ்?" என்றாள், தமிழில் நாங்கள் சண்டை பிடித்து முடித்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டு.

பின்பக்கம் இங்கேயும் கராஜ்கள் உண்டு. ஆனால் தண்ணீர்க்கோடு போடவில்லை. உப்பு மூட்டையில் ஒரு மூலையை வெட்டி, அப்பாவைப் போலவே குனிந்து பின்பக்கமாக நடந்து, உப்பால் கோடு போட்டேன். உப்பு மெல்லத்தான் பனியைத் தின்னும். கோடு கறுக்கும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை, காலால் தேய்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அம்மாவிடம் போய், "நீங்களும் வாங்கோ. கிளிக்கு ஆளில்லை" என்றேன். மாட்டேன் என்பார் என்று எதிர்பார்த்தேன். எனக்கு முன்பே பூட்ஸைப் போட்டுக்கொண்டு நின்றார்.

ஓடவில்லை. நடுக்கோட்டில் சின்னச் சின்ன அடியாக நடந்தார். ஆனால் நான் எந்தப் பக்கம் பாயப்போகிறேன் என்று எனக்கு முன்னரே அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பாய்ந்த இரண்டு தரமும் முதுகில் சுரீரென்று அடி விழுந்தது, அந்தக் கோணல் கையால்.

பின்னேரம் கை நோகிறது என்றார். நல்லெண்ணெயில் உள்ளி போட்டுச் சூடாக்கினேன். எழும்பிப் போகச் சாட்டு ஒன்றும் தேடவில்லை. கையை மடியில் வைத்துத் தடவியபோது, நான் நினைக்காமலே என் வாயில் வந்தது.

"என்ர பிழை."

அம்மா இத்தனை வருடமும் பேசாமல் இருந்த இடம் அது. என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார்.

"இல்லை அப்பா," என்றார். "நான்தான் விளையாடப் போனனான்."