மாடி ஏறினால் வலித்த பல்

வெள்ளிக்கிழமை காலை அஜ்மானிலிருந்து தோழி தொலைபேசியில் அழைத்து, "டாக்டரம்மா போயிட்டாங்க" என்றாள். நான் நம்பவில்லை. "யாரு சொன்னா? நேர்ல பார்த்தியா?" என்று துருவினேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, அது டாக்டர் கோமதியின் கேள்வி. எதையும் ஒரு தடவை சொல்லி அவரை நம்பவைக்க முடியாது என்பது அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் துபாய் வந்த புதிதில் எனக்கு அவரைப் பிடிக்காது. பொங்கலுக்கு நாலு குடும்பம் கூடினால், "உங்கப்பா எதுல போனாரு? எந்த வயசுல?" என்று ஆண்களை விசாரிப்பார். சர்க்கரைப் பொங்கலைக் கையில் வைத்திருப்பவரிடம் கேட்கிற கேள்வியா இது? கிளினிக்குக்கு ஆள் பிடிக்கிறார் என்றே சந்தேகப்பட்டேன்.

கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினியரான என் கணவர் அசரவில்லை. "விசா மெடிக்கல் பாஸ். கொலஸ்டிரால் நார்மல். வேற என்ன வேணும்?" விசாவுக்காகக் குத்திய முத்திரையை நாம் எல்லோருமே ஆயுளுக்கான உத்தரவாதமாக நினைத்திருந்த காலம் அது.

"கொலஸ்டிரால் நல்லா இருக்கு, சந்தோசம். பிரஷர்? சுகர்? உங்கப்பா நாப்பத்தஞ்சுல நெஞ்சுவலில போனது? சிகரெட்டு?"

"சிகரெட் விட்டாச்சு டாக்டர்."

"நம்புதேன். சட்டையை மட்டும் மோந்து பார்க்கட்டுமா?"

இவர் இரண்டடி பின்வாங்கினார்.

சில மாதம் கழித்து ஒரு மாலை டாக்டர் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி ஏறி வந்த இவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, பல் டாக்டரிடம் போகவேண்டும் என்றார்.

"எப்ப வலிக்கும்?"

"மாடி ஏறினா."

"உட்கார்ந்தா?"

"போயிடும்."

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "மாடி ஏறினா வலிக்கிற பல்லு எந்த ஊர்ல இருக்கு சார்? கிளம்புங்க."

ஆஸ்பத்திரியில் ஈசிஜியும் நார்மல். வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் கைப்பையை எடுத்துவிட்டேன். கோமதி டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இதையும் நான் நம்பல. இவரு இங்கதான் இருப்பாரு." அங்கிருந்தவர்களுக்குக் கோபம். எனக்கும்தான். ஆனால் விடிவதற்குள் இவருக்குப் படுத்திருக்கும்போதே வலி வந்தது. மறுபடி எடுத்த ஈசிஜியில் மாரடைப்பு தெரிந்தது. பக்கத்திலேயே மருந்தும் ஆட்களும் இருந்ததால் இவர் பிழைத்தார்.

இறுதிச் சடங்கில் யாரோ, "அவங்களுக்கும் ஹார்ட் அட்டாக்தானாம். கொலஸ்டிரால் நார்மலா இருந்துச்சாமே" என்று அதிசயப்பட்டார்கள். எனக்கு அதிசயமில்லை. "எங்கம்மாவும் ரெண்டு அக்காவும் இதே நெஞ்சுவலில அம்பதைத் தாண்டல. நான் மொதல்ல சந்தேகப்படுதது என்னையத்தான்" என்று அவரே சொல்லியிருக்கிறார். உப்பைக் குறைத்து, மாத்திரையைத் தவறவிடாமல், அறுபதையும் தாண்டித்தான் போனார்.

அவருடைய சந்தேகத்தை நான் வைத்துக்கொண்டேன். நேற்று இவர் சைட்டிலிருந்து வந்ததும் சட்டையை வாங்கி மோந்து பார்த்தேன். வியர்வை வாசம் மட்டும்தான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.