வலை போடாத நாட்கள்

காலை பத்து நாற்பது. சிவகாசியில் நான் பிழைதிருத்தும் அச்சகத்தின் மேஜையில் ஜனவரி மாதத் தாள் விரிந்திருந்தது. அதில் ஒரே ஒரு தேதி சிவப்பாக இருந்தது: இரண்டாம் சனிக்கிழமை.

மன்னார் வளைகுடாக் கரையில் பாசி எடுக்கும் பெண்களும், மூச்சடக்கி முங்கும் ஆண்களும், ஒரு கடல் ஆய்வாளரும் மூன்று வருடம் சேர்ந்து தயாரித்த காலண்டர் அது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் ஏறும்போது, ஆவுளியா என்கிற கடல்பசு குட்டியோடு கரையோரக் கடல்புல்லை மேய வரும். வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்துப்போகும். அந்த நாட்களைக் கரைக்காரர்கள் பிறைக்கணக்கில் சொன்னார்கள். ஆய்வாளர் அவர்களோடு படகில் போய் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அன்றெல்லாம் அந்த ஊர் வலை போடுவதில்லை. வெளியூர்ப் படகுகளுக்கும் தெரியட்டும் என்றுதான் காலண்டர். அந்த நாட்கள்தான் சிவப்பில் வரவேண்டும்.

செலவை ஏற்ற அரசு அலுவலகம், அச்சுக்கு அனுப்பிய பிரதியில் அத்தனையையும் நீக்கி, மாதத்துக்கு ஒரு சனிக்கிழமையைப் போட்டிருந்தது. நான் பிரதியோடு ஒப்பிட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தேன். எங்கள் தொழிலில் பிரதியில் இருப்பது தாளில் இருந்தால் சரி.

அச்சாகும் முன் பார்த்துவிட்டுப் போக, ஆய்வாளரும் பாசி எடுக்கும் ஒரு பெண்ணும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அந்தப் பெண் அமாவாசை மேல் விரலை வைத்தார்.

“இது கறுப்பா கெடக்கே. ஏன் சார், ஆவுளியாவுக்கும் ரெண்டாஞ் சனிக்கெழம லீவு விட்டுட்டாகளா?”

ஆய்வாளர் உடனே அலுவலகத்துக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். அதிகாரி நிதானமாகப் பேசினார். “பிறை பாத்து போட்டா படகுக்காரங்க குழம்பிருவாங்க மேடம். மாசம் ஒரு நாள்னா ஞாபகம் இருக்கும்.”

“கடல்ல பொழைக்கிறவனுக்குப் பெறை தெரியாதா? உங்களுக்குத்தான் சனிக்கெழமைய விட்டா எதுவும் தெரியல,” என்றார் அந்தப் பெண்.

“யாரு அங்க பேசறது?”

“இந்தக் காலண்டரை எழுதினவங்க,” என்றார் ஆய்வாளர்.

திருத்தம் வேண்டுமென்றால் கடிதம் கொடுங்கள், கமிட்டியில் வைக்கிறோம் என்று சொல்லி அதிகாரி போனை வைத்துவிட்டார். மூன்று வருடம் வெயிலில் படகில் உட்கார்ந்து எண்ணியதை, கடலில் கால் நனைக்காத ஒருவர் நாற்காலியில் இருந்தபடி அடித்துவிட்டார். ‘மரபறிவும் அறிவியலும் கைகோத்து’ என்று அட்டையில் இருந்த வரியில் மட்டும் கைவைக்கவில்லை.

முதலாளி அந்தப் பெண்ணிடம் தணிந்துதான் சொன்னார். “தாயீ, ஆர்டர் குடுத்தது அவுக. நான் தேதிய மாத்துனா லோடத் திருப்பி அனுப்பிருவாக. சீசன்ல மெசின நிப்பாட்ட முடியுமா, சொல்லுங்க.”

நான் என் கையெழுத்தை அடித்தேன். முதலாளி பக்கத்திலேயே தன் கையெழுத்தைப் போட்டார். மதியம் மெஷின் ஓடியது.

மார்ச் மாதம், அமாவாசைக்கு மறுநாள், வெளியூர்ப் படகின் வலையில் ஓர் ஆவுளியாவும் அதன் குட்டியும் செத்துக் கிடந்தன. அன்று செவ்வாய்க்கிழமை.