ஆபிரிக்காவைச் சுற்றி வந்த டைல்ஸ்

கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் இருபத்தாறு வருடம் ஓடர் பிரிவைப் பார்த்தவன் நான். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு என் சாதனைகளைச் சொல்ல ஆசைதான். ஆனால் அவர்களுக்குப் பயன்படப்போவது நான் செய்த மடத்தனம்தான்.

கப்பல் வந்துசேரும் என்று சரக்குப் பேப்பரில் போடும் திகதியை ஈடிஏ என்போம். பேப்பரில் அச்சடித்திருந்தால் கப்பலும் அதை வாசித்திருக்கும் என்று நம்பிய காலம் அது.

சாய்ந்தமருது இஸ்மாயில் காக்கா மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியேறுவார். அதனால் நிக்காஹ்வுக்கு முன் பெண்ணின் வாப்பா வீட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் குறையில்லாத சீமெந்துத் தரை இருந்தது. காக்காவுக்கு ஸ்பெயின் டைல்ஸ்தான் வேண்டுமாம்; எங்கள் கடையில் ஓடர் கொடுத்திருந்தார். கலியாணத்துக்கு ஐந்து கிழமை இருக்கையில் கடைக்கு வந்தார்.

"தம்பி, பழைய தரையக் கொத்தலாமா?"

"ஓம் காக்கா, கொத்துங்க. கப்பல் வெளிக்கிட்டுட்டு. ரெண்டு கிழமையில கொழும்புக்கு வந்திரும்."

அலவாங்கு என்கிற கடப்பாரையை எடுத்து ஹோலையும் மூன்று அறைகளையும் ஒரே நாளில் கொத்திப் போட்டார்கள்.

அதே கிழமை செங்கடலில் கப்பல்களுக்கு அடி விழத் தொடங்கியது. யாருக்கு யாரோடு சண்டை என்று கொழும்பு ஏஜன்ட் போனில் நீளமாக விளக்கினார். எங்கள் கப்பல் சுயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆபிரிக்காவை முழுதாகச் சுற்றி வருகிறது என்பது மட்டும் எனக்கு விளங்கியது. பாஸ்போர்ட்கூட இல்லாத காக்காவின் டைல்ஸுக்கு இலவச உலகச் சுற்றுலா! அத்தோடு விட்டதா? பிந்தி வரும் கப்பல், கொழும்பைக் கண்டும் காணாததுபோல் நேரே சிங்கப்பூருக்குப் போய்த்தான் கொண்டெய்னரை இறக்குமாம். அங்கிருந்து திரும்பிவர வேறு கப்பலில் இடம் கிடைக்க வேண்டுமாம்.

முதலாளி ஹாஜியார் சுருக்கமாக முடித்தார். "நீதானே கொத்தச் சொன்ன? நீயே போய்ச் சொல்லு."

போனேன். கட்டில்கள் மண்ணில் நின்றன. வாசலில் மாப்பிள்ளையின் உம்மா நின்றார், வீடு பார்க்க வந்தவர். நான் போனை எடுத்து, கடல் வரைபடத்தில் கப்பலைக் காட்டினேன்.

காக்கா குனிந்து பார்த்தார். "இதுக்குள்ளயா எண்ட மகள்ட ஊடு கெடக்கு?"

மாப்பிள்ளையின் உம்மா போனைப் பார்க்கவே இல்லை. "தரை இல்லாத ஊட்டுக்கு மகன எப்பிடி அனுப்பிற? அடுத்த வருசம் பாப்பம்."

மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. லீவு முடிந்தால் அடுத்த வருடம்தான். அதற்குள் எதுவும் நடக்கலாம் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். காக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது மகள் பஸ்மிலா அறைக்குள் இருந்து சொன்னாள்: "வாப்பா, கப்பல விடுங்க. முந்தியும் சீமெந்துதானே இருந்த? அதையே பூசுங்க. மாமி, பத்து நாளையில வந்து பாருங்க."

உலக வர்த்தகப் பிரச்சினையை அந்தப் பிள்ளை ஒரு நிமிடத்தில் தீர்த்துவிட்டது. சீமெந்து மூட்டைகளோடு நானும் வண்டியில் ஏறிப் போனேன். மேசன்மாரோடு நின்று தண்ணீர் ஊற்றினேன். பத்தாம் நாள் மாமி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நடந்து பார்த்தார். "வழுக்காது, நல்லம்," என்றார்.

நிக்காஹ் குறித்த நாளிலேயே நடந்தது. டைல்ஸ் அப்போது சிங்கப்பூரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. நான் விருந்துக்குப் போய், யார் கண்ணிலும் படாமல் ஆறு பேர் ஒன்றாகச் சாப்பிடும் கடைசிச் சஹன் தட்டில் மற்ற ஐந்து பேரோடு உட்கார்ந்தேன். காக்கா என்னைத் தேடி வந்தார். பெரிய இறைச்சித் துண்டு ஒன்றை என் பக்கமாக வைத்தார்.

"சாப்பிடுங்க தம்பி. இது எங்கயும் சுத்தி வரல்ல, அடுப்பில இருந்து நேரா வந்த."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்குப் பிறகு, சாமான் கடை வாசலில் இறங்கும்வரை நான் யாரையும் அலவாங்கைத் தொடச் சொன்னதில்லை.