நிரோஷனுக்குக் காட்டிய முகம்

ஜெயராணி கல்யாணங்களுக்கும் படம் பிடிப்பாள். ஆனால் கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து அவளுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் சாவு வீட்டுக்குத்தான். யாரோ ஒருவர் கட்டாரிலோ குவைத்திலோ லீவு கிடைக்காமல் தவித்துக்கொண்டிருப்பார். ஜெயராணி கெமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, லப்டொப்போடு இணைத்து, பெட்டி வீட்டை விட்டுப் போகும்வரை நடப்பதை எல்லாம் அவருக்கு நேரலையாகக் காட்டுவாள்.

மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்தவள். கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் கணக்கு மேசையில் உட்கார வந்து, மெல்ல மெல்லக் கெமராவைக் கையில் எடுத்தாள். இப்போது கணவனோடும் மகளோடும் அம்பிட்டியவில் இருக்கிறாள். கொரோனாக் காலத்தில் அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். மூடிக் கட்டிய பெட்டியைத் தூரத்தில் நின்று பார்க்கத்தான் விட்டார்கள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. சாவு வீட்டு அழைப்பு எதையும் தட்டிக்கழித்ததும் இல்லை.

கெமராவோடு வந்த பெட்டரி தேய்ந்து, அரை மணி நேரம்கூடத் தாங்காமல் போனபோது, அதே கம்பெனி பெட்டரி கடைகளில் கிடைக்கவில்லை. பேர் தெரியாத கம்பெனி பெட்டரி ஒன்றை வாங்கிப் போட்டாள். சில மாதத்தில் அது வீங்கி, கெமராவுக்குள்ளேயே இறுகிக்கொண்டது. கண்டியில் கெமராச் சாமான் கடை வைத்திருக்கும் அலவத்துகொட ஊர்க்காரர் முனாஸ்தான் அதைப் பக்குவமாக வெளியே எடுத்து, தீப்பிடிக்காமலிருக்க மணல் வாளியில் போட்டார். அவரை அவள் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

பிறகு ஓர் அடெப்டரைக் காட்டினார். பெட்டரி வடிவத்தில் ஒரு கட்டை; அதிலிருந்து ஒரு வயர்; வயரின் மறுமுனையைச் சுவரில் செருகினால் கெமரா கரண்டிலேயே ஓடும்.

"இதுவும் கம்பெனி சாமான் இல்ல, தங்கச்சி. வோல்ட் சரி. ஆனா உள்ளுக்கு என்ன வச்சிரிக்கான் என்டு எனக்கும் தெரியா. முதல்ல வீட்டில நல்லா ஓட வச்சிப் பாருங்க."

"நேரலைக்கு எனக்கு வேற வழி இல்லையே, நானா."

வீட்டில் ஒரு பகல் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தாள். தொட்டால் கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். இரண்டு மூன்று சாவு வீடுகளிலும் அது ஒழுங்காக வேலை செய்தது.

மடுல்கெல்லப் பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு லயத்தில் பாப்பம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண் இறந்தாள். அவளுடைய ஒரே மகன் நிரோஷன் கட்டாரில் இருந்தான். பாப்பம்மாவின் புருஷன் முத்துலிங்கம், சுவரோரம் கதிரையில் ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். லயத்துக்குள் போனுக்கு சிக்னல் இல்லை. அதனால் ஜெயராணி, தான் கொண்டுவந்த இன்டர்நெட் ரவுட்டரை வெளியே கம்பத்தில் உயரக் கட்டி, ஒரே கரண்ட் வயரிலிருந்து அதற்கும் கெமராவுக்கும் இணைப்புக் கொடுத்தாள். காலையிலிருந்து நிரோஷன் பார்த்துக்கொண்டே இருந்தான். அம்மாவைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்ததையும், சித்திமார் கட்டிப்பிடித்து அழுததையும் பார்த்தான்.

மழை தூறியது. மகன் செய்யவேண்டிய சடங்கை மருமகன் முறையுள்ள ஒருவர் செய்ய எழுந்தார். கடைசியாக முகம் பார்க்க எல்லோரும் பெட்டியைச் சுற்றி நெருங்கினார்கள். அந்த நேரத்தில் ஜெயராணியின் மூக்கில் கருகல் வாடை ஏறியது. குனிந்தாள். அடெப்டர் உருகிக்கொண்டிருந்தது. பிடுங்கக் கை நீட்டுமுன் 'டப்' என்று ஒரு சத்தம். கெமரா அணைந்தது. லயத்தில் கரண்டும் போனது. கம்பத்து ரவுட்டரும் செத்தது.

பழைய பெட்டரியைப் போட்டுப் பார்த்தாள். கெமரா அசையவில்லை. ஈரக் கையோடு மறுபடி மறுபடி மூடியைத் திறந்து மூடினாள். அதற்குள் தப்பு மேளச் சத்தம் ஏறி, பெட்டி மூடப்பட்டு, தோள்களில் எழுந்துவிட்டது.

ஜெயராணி எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு, போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். பெட்டி போகவேண்டிய பாதையில், கோயில் வளைவில் சிக்னல் வந்தது. அந்த நொடியே நிரோஷனின் வீடியோ அழைப்பு வந்தது.

"அக்கா, படம் நின்னுபோச்சு. அம்மாவ மூடிட்டாங்களா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "மூடிட்டாங்க தம்பி. என்னோட சாமான்தான் எரிஞ்சுபோச்சு. போன வச்சிடாதீங்க."

பெட்டி வளைவுக்கு வந்தபோது நடுப் பாதையில் போய் நின்றாள். "அண்ணே, கொஞ்சம் எறக்குங்க. மகன் இன்னும் மொகம் பாக்கல."

"மூடுன பெட்டிய ரோட்டுல தொறக்கிறதா? இப்புடி எங்கயும் செய்றதில்லம்மா. நவுருங்க," என்றார் முன்னால் தூக்கியிருந்தவர். பின்னால் இருந்தவர்களும் முணுமுணுத்தார்கள். ஜெயராணி நகரவில்லை. போனை மட்டும், பெட்டியோடு நடந்து வந்த முத்துலிங்கத்தின் பக்கம் திருப்பினாள். திரையில் நிரோஷன், வேலைச் சட்டையோடு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

முத்துலிங்கம் அதைப் பார்த்தார். அன்றைக்கு அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

"எறக்குங்கடா. அவனப் பெத்த அம்மா."

பெட்டியைப் பாதையோரத்தில் இறக்கினார்கள். தப்பு மேளம் நின்றது. யாரோ குடை பிடித்தார். மூடி விலகியதும் ஜெயராணி முழங்காலிட்டு, படம் ஆடாமலிருக்க முழங்கையைப் பெட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, போனை நீட்டினாள். நெற்றிப் பொட்டு மழையில் லேசாகக் கலைந்திருந்தது. நிரோஷன் "அம்மா" என்றான். பிறகு சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல ஏதேதோ சொன்னான். நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அவனே, "போதும் அக்கா, கொண்டுபோகச் சொல்லுங்க" என்று சொல்லும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

அந்தக் கெமரா பிறகு உயிர் பெறவே இல்லை. முனாஸ் அடெப்டரைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருக்கவேண்டிய பியூஸ் போன்ற பாதுகாப்பு ஒன்றும் இல்லை. நூல்போன்ற வயரும் கருகிய தகடும்தான்.

"என்ட கையாலதானே தந்த, தங்கச்சி," என்றார் தலை குனிந்து.

"நீங்க சொல்லித்தானே குடுத்தீங்க, நானா. நாந்தான் அத நம்பிட்டேன்."

அவர் தட்டில் மீதியிருந்த அடெப்டர்களை எடுத்து, ஒவ்வொன்றின் வயரையும் வெட்டிப் போட்டார். பிறகு தன்னுடைய சொந்தக் கெமராவை, கம்பெனிப் பெட்டரியோடு, அவளுடைய பையில் வைத்தார்.

லப்டொப்பில் பதிவாகியிருந்ததை அனுப்பும்போது, கடைசியில் நின்றுபோன இடத்தை வெட்டி ஒழுங்குபடுத்தித் தரட்டுமா என்று ஜெயராணி நிரோஷனிடம் கேட்டாள்.

"வேணாம் அக்கா. அப்புடியே அனுப்புங்க. மிச்சத்த நான் பாத்துட்டேன்தானே."

அவள் அப்படியே அனுப்பினாள். மறுநாள் இன்னொரு தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. முனாஸின் கெமராவை எடுத்துக்கொண்டு போனாள். போன கையோடு வீட்டாரிடம், "பெட்டரி மாத்துறப்போ கொஞ்ச நேரம் படம் நிக்கும். நான் சொல்ற வரைக்கும் பெட்டிய மூடாதீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்டாண்டை விரித்தாள்.