முகம் பார்க்காத சாட்சி

விடுதலை கிடைத்த நான்காம் வருடம், எங்கள் கிராமக் கூடத்துச் சுவரில் முன்னாள் போராளிகளின் பட்டியலை ஒட்டினார்கள். தலைநகர் திலியிலிருந்து வந்த பட்டியல். ஆட்சேபணை இருப்பவர்கள் பன்னிரண்டு நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம். ஒட்டிய காலையிலேயே கூட்டம் முண்டியடித்தது. போர்க்காலத்தில் இந்த ஊரில் இத்தனை போராளிகள் இருந்திருந்தால் இந்தோனேசிய ராணுவம் ஒரே வருடத்தில் மூட்டை கட்டியிருக்கும்.

நான் ஜாவாவில் படித்துப் பட்டம் வாங்கியவன். புதிய நாட்டின் ஆட்சிமொழி போர்த்துகீசு; அது தெரியாதவனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் கிராமத் தலைவர் அகாபிட்டோவிடம் எழுத்தராக ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் பெரிய ஆள். மலைக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் இருந்துகொண்டு, காட்டுக்குள் இருந்த போராளிகளுக்குத் தகவல் கடத்தியவர். சட்டையில் பதக்கம் இல்லாமல் வெளியே வரமாட்டார்.

பட்டியலில் முப்பத்தோராவது பெயர் எதெல்வினா. மூன்றாம் நாளே அதன்மேல் ஆட்சேபணை வந்தது. எழுதியவர் அகாபிட்டோ. 'இவள் ராணுவச் சாவடி வாசலில் வாழைப்பழ பஜ்ஜியும் காப்பியும் விற்றவள். சிப்பாய்கள் இவளை இபு, இபு என்று தாயைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்கள். இவள் புருஷன் கோஸ்மே, காட்டிக்கொடுத்ததற்காக நம்மவர்களால் தண்டிக்கப்பட்டவன்.' கடைசி வரி எல்லாருக்கும் தெரிந்த கதை. தொண்ணூற்றைந்தில் கோஸ்மேயைக் காட்டுக்காரர்கள் கூட்டிப் போனார்கள். மறுநாள் காப்பித் தோட்டத்தில் பிணமாகக் கிடந்தான்.

எதெல்வினா என்னிடம் வந்தாள். முக்காட்டு நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பட்டியல்ல பேரு இல்லாட்டிப் போகட்டும். கோஸ்மேயக் காட்டிக்கொடுத்தவன்னு எழுதிட்டா எம் பொண்ணு லெயோனிதா கல்யாணம் நின்னுபோகும். மாப்ள வீடு தியாகி வீடு. 'பேரு தெளியட்டும், அப்புறம் பாக்கலாம்'னு நேத்தே ஆள் அனுப்பிட்டாங்க."

"சாட்சி ஒருத்தர் வேணும்க்கா. உங்களுக்கு உத்தரவு குடுத்த தளபதி?"

"அவரு தொண்ணூத்திநாலுலயே போய்ட்டாரு. சாவடி வாசல்ல கடையப் போடு, காதத் தொறந்து வச்சுக்கோ, கேட்டத எழுதிக் காட்டுக்கு அனுப்புன்னு சொன்னதே அவருதான். அது அவருக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்."

"கடிதத்தை யார்கிட்ட குடுத்தீங்க?"

"தெரியாது தம்பி," என்றாள். ஒன்பது வருடம் கொடுத்திருக்கிறாள், யாரிடம் என்று தெரியாது. எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு பயமாக இருந்தது. தெரியாமல் வைத்திருந்ததால்தானே நாங்கள் பாதிப்பேர் உயிரோடு இருக்கிறோம்.

மீதி ஒன்பது நாளும் அவள் கடை திறக்கவில்லை. தினமும் கூடத்துக்கு வந்து பட்டியலைப் பார்ப்பாள், தன் பெயரை விரலால் தொடுவாள், போய்விடுவாள். குழாயடியில் பெண்கள் அவளுக்கு வழிவிட்டு விலகினார்கள். அது மரியாதையால் இல்லை.

பதின்மூன்றாம் நாள் காலை விசாரணை. திலி அதிகாரி நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் அகாபிட்டோ, ஓரத்தில் நோட்டோடு நான்.

"யார்கிட்ட குடுத்தீங்க, பேரச் சொல்லுங்கம்மா," என்றார் அதிகாரி.

"பேரு தெரியாதுங்க. மூஞ்சியும் தெரியாது. பாக்கக் கூடாதுன்னு உத்தரவு. புடிச்சு அடிச்சா வாய் தானா சொல்லிருமே. டவுன் மாதா கோவில்ல ஞாயித்துக்கெழம பூசையில, சமாதானம் சொல்லிக் கை குடுப்பம்ல, அப்பத்தான் குடுப்பேன். சோளத்தோல்ல சுருட்டி, உள்ளங்கையில வச்சு. முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு."

"கண்ண மூடிக்கிட்டு யாரு கையப் புடிச்சியோ," என்று பின்வரிசையில் ஒருவன் சொன்னான். சிரிப்பு கிளம்பியது.

"சரியான ஆள்தான்னு எப்படித் தெரியும்?"

அவள் தயங்கினாள். "அடையாளப் பேச்சு ஒண்ணு உண்டு. 'எருமை கன்னு போட்டுருச்சா'ன்னு நான் மெல்லமாக் கேப்பேன். 'போட்டுருச்சு, கிடேரி'ன்னு பதில் வரணும்."

கூடமே கொல்லென்று சிரித்தது. பூசை நடுவில் எருமைக் கன்று. எனக்கும் சிரிப்பு வந்தது. தலைவர் சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எந்தத் தூண் பக்கம்?" என்று கேட்டார். குரல் அவருடையதாகவே இல்லை.

"மாதா சுரூபத்துக்கு எடப்பக்கம்."

"எப்பவாச்சும் வராம இருந்தீங்களா?"

"ஒரு வாரங்கூட நிக்கல. கோஸ்மேயப் பொதச்ச ஞாயித்துக்கெழமயும் வந்தேன். அன்னிக்கு மொதல்ல எருமையப் பத்திக் கேக்க வாய் வரல. ரெண்டாந்தரந்தான் கேட்டேன்."

அகாபிட்டோ எழுந்தார். எழுந்தவருக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அந்த நிமிடம் அவர் வாயைத் திறக்கமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

"கிடேரின்னு சொன்னவன் நான்தான்," என்றார். "எனக்கும் மூஞ்சி பாக்கக் கூடாதுன்னுதான் உத்தரவு. அந்தக் கடுதாசிங்களால எங்க பசங்க எத்தனையோ பேரு பொழைச்சாங்க. எழுதிக்குங்க. இவங்க பேரு இருக்கணும்."

அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. ஆட்சேபணைத் தாளின் மேல் கோடு போட்டார். பின்வரிசைக்காரனே முதலில் கைதட்டினான். வாசலில் நின்ற லெயோனிதா அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த மாதம் அவள் கல்யாணம் அந்தத் தியாகி வீட்டில்தான் நடந்தது.

எதெல்வினா மட்டும் நகரவில்லை. முக்காட்டை விலக்கிவிட்டு அகாபிட்டோவின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"அப்ப கோஸ்மேயக் காட்டிக்கொடுத்தவன்னு காட்டுக்குச் சொல்லி அனுப்பினது யாரு?"

கைதட்டல் நின்றது.

"சாவடி சார்ஜெண்ட்கூட அவன் காப்பி குடிச்சத நான் பாத்தேன்," என்றார் அகாபிட்டோ. "நாந்தான் சொல்லி அனுப்பினேன்."

"என் கடையில குடிச்சான். நாந்தான் குடிக்கச் சொன்னேன், சார்ஜெண்ட் வாயக் கிளற." அவள் என் பக்கம் திரும்பினாள். "அவரு சொன்னத எழுதிக்கோ தம்பி. கோஸ்மே காட்டிக்கொடுக்கலன்னு எழுது."

அகாபிட்டோ தலை குனிந்து நின்றார், தடுக்கவில்லை. அதிகாரிதான் தொண்டையைச் செருமினார். "அம்மா, இது உயிரோட இருக்கிறவங்க விண்ணப்பம். அதுக்கு இந்தப் படிவத்துல எடமில்ல. நம்ம ஆளுங்களே செஞ்சத எல்லாம் இப்பக் கெளறினா நாடு தாங்காது."

பிறகு என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தார். என் நோட்டில் பாதிப் பக்கம் காலியாக இருந்தது. பேனாவில் மையும் இருந்தது. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. நான் எழுதவில்லை.