சூளைக்கு எடுத்து வைத்த சட்டிகள்

காந்திதா அக்கா இருமினால் எங்கள் தெருவே திரும்பிப் பார்க்கும். திறந்தவெளியில் விறகை அடுக்கிச் சட்டி சுட்டுச் சுட்டு, புகையில் அவள் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. புகைபோக்கி வைத்த பொதுச் சூளை ஒன்று ஊருக்கு வேண்டும் என்று அவள்தான் வீடு வீடாக அலைந்தாள். யார் சுட்டாலும் சூளைக்கென்று ஒரு சட்டி கேட்டு வாங்கித் தன் வீட்டு உள்ளறையில் அடுக்கினாள். வஹாக்கா நகரத்துச் சந்தையில் எல்லாவற்றையும் விற்றால் செங்கல் வாங்கிவிடலாம்.

"விரிசல் விட்டத உன் மாமியாருக்குக் குடுடி ஃபெலிசா. சூளைக்கு நல்லதா எடு" என்று எங்களோடு சட்டி செய்யும் ஃபெலிசாவிடம் சொல்வாள்.

சந்தைக்கு முந்தின வாரம் அவள் இறந்துபோனாள்.

சாவு வீட்டில் மோலே குழம்பு கொதித்தது. ஊரே வந்திருந்ததால் பரிமாறப் பாத்திரம் போதவில்லை. காந்திதா அக்காவின் நாத்தனார் உள்ளறையைத் திறந்தாள்.

"ஐயோ, அதெல்லாம் சூளைக்கு வச்சது!" என்றாள் ஃபெலிசா.

"அவ சாவுக்கு வந்தவங்களக் கையில வாங்கி நக்கச் சொல்றியா?"

ஃபெலிசாவே சட்டிகளை எடுத்து நீட்டினாள். சாவுச் சோறு தின்ற சட்டியை எங்கள் ஊரில் விற்க மாட்டோம். சாப்பிட்டவர்களே அதை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். எனக்குக் கிடைத்தது நானே செய்து கொடுத்த சட்டி. கழுவி எடுத்துக்கொண்டு வந்தேன்.

மறுவாரம் எல்லோரும் சேர்ந்து, சட்டி சுட வழக்கம்போல் திறந்தவெளியில் விறகு அடுக்கிப் பற்றவைத்தோம்.

"இனிமே சூளைச் சட்டிய யாரு வீட்டுல அடுக்குறது?" என்று கேட்ட ஃபெலிசாவுக்கு இருமல் வந்துவிட்டது. புகையில் யார் முகமும் தெரியவில்லை.