உறைந்த கடலில் குப்புற விழுந்தேன்

2004ஆம் ஆண்டு சித்திரை மாதம். மொன்றியல் டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அதற்கு முந்திய டிசம்பரில் ஹோட்டல் வைத்த நத்தார் விருந்தில் சீட்டுக் குலுக்கியபோது பரிசு எனக்கு விழுந்திருந்தது: கியூபெக்கின் வடகோடியில், ஆர்க்டிக் கரைக்கு இரண்டு பேருக்கான சாகசப் பயணம். என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், ஒரு மிக்சி விழுந்திருக்கக் கூடாதா? கணவர் கேட்டவுடனேயே பெரிய கும்பிடு போட்டார்.

"இஞ்ச இருக்கிற குளிர் காணாதெண்டு அங்கயும் போறதோ? உமக்கென்ன விசரோ?"

அந்த வீம்பிலேயே புறப்பட்டேன். கூட வந்தவள், என்னோடு காய்கறி வெட்டுகிற கியூபெக் பெண். தமிழில் அவளுக்கு 'வணக்கம்' மட்டும்தான் தெரியும்.

உறைந்த கடல்மேல் பனிவண்டிகளில் போனோம். தேநீருக்கு நிறுத்தியபோது, ஆறு வந்து சேரும் பக்கம் பனிக்கட்டி மெல்லியது, போகவேண்டாம் என்று எங்கள் வழிகாட்டி, அந்தப் பக்கத்து இனுவிட் பழங்குடிக்காரர், சொன்னார். தலையாட்டிவிட்டு இருவரும் படம் எடுக்கக் கொஞ்சம் தள்ளி நடந்தோம். எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. ஆற்றுப் பக்கம் வந்துவிட்டது எங்களுக்குத் தெரியவே இல்லை.

திடீரென்று 'படார்' என்று ஒரு சத்தம்.

நான் யோசிக்கவே இல்லை. குப்புற விழுந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குப் பழகிய உடம்பு. மொன்றியலில் நாங்கள் இருக்கும் செயின்ட்-மிஷேலில், தெருவில் யாராவது வாணம் வெடித்தாலும் இப்படித்தான் விழுவேன். பிள்ளைகள் தங்கள் சிநேகிதர்கள் முன்னால் கூனிக்குறுகிப் போவார்கள். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கும்.

தலையைத் தூக்கினால் அவள் சற்றுத் தள்ளி நிற்கிறாள். காலடியில் கறுப்பாக ஒரு வெடிப்பு நீண்டுகொண்டு போகிறது. ஓடத் திரும்பினாள். எனக்கு ஒரு பிரெஞ்சுச் சொல்கூட வாயில் வரவில்லை.

"படு! விழுந்து படடி!" என்று தமிழில் அலறினேன்.

என் குரலில் என்ன இருந்ததோ, அப்படியே விழுந்தாள். ஒரு கால் முழங்கால்வரை தண்ணீருக்குள் போனது. உடம்பு மேலே தங்கிவிட்டது.

எழும்பவேண்டாம், படுத்தால்தான் பாரம் பரவிப் பனி தாங்கும் என்று வழிகாட்டி தூரத்தில் நின்று கத்தினார். கயிறு எடுக்க வண்டிக்கு ஓடினார். அவர் திரும்பி வரும்வரை என் வயிற்றுக்கடியில் பனிக்கட்டி முனகிக்கொண்டே இருந்தது. கால் விறைத்து அவள் அழுதாள். 'முருகா, முருகா' என்று கிடந்தேன். வீட்டில் என் கணவர் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்திருப்பாரா என்ற கவலை வேறு. கடைசியில் கயிறு வந்தது. அவளை முதலில் இழுத்தார், பிறகு என்னை.

அவள் காலைப் போர்வையால் சுற்றிக்கொண்டே, படுக்கவேண்டும் என்று எங்கே பழகினாய் என்று வழிகாட்டி கேட்டார். எங்கள் ஊரில் என்றேன். உங்கள் ஊரிலும் கடல் உறையுமா என்று ஆச்சரியப்பட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

இப்போதும் வாணம் வெடித்தால் நான் விழத்தான் செய்கிறேன். ஆனால் அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் நாட்களில், பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, எனக்குப் பக்கத்தில் அவளும் வந்து குப்புறப் படுத்துக்கொள்வதால், இத்தனை வருட வெட்கம் எங்கே போனதென்றே எனக்குத் தெரியவில்லை.